விசர் விஞ்ஞானி

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே 'விசர்' என்றொரு சொல் உண்டு. பைத்தியம், பித்து, கிறுக்கு என்று பிற இடத்தார் கூறுவன யாவும் எமக்கு அந்த ஒரு சொல்லுள் அடங்கும். நாய்க்கும் விசர் பிடிக்கும். மனிதனுக்கும் விசர் பிடிக்கும். கேட்கத் தகாததைக் கேட்கும் பிள்ளைக்குத் தாய் கூறும் மறுமொழியும் "விசர்க் கதை கதையாதை" என்பதே. கோபத்துக்கும் அன்புக்கும் ஒருங்கே பயன்படும் சொல் அது. என் தமையனாரை எங்கள் ஊரார் 'விசர் விஞ்ஞானி' என்று அழைத்தனர். அப்பெயர் அவருக்கு எவ்வாறு வந்தது, அதை அவர் என்ன செய்தார் என்பதைப் பின்னர் கூறுவேன். முதலில் அப்பெயருக்கு உரிய திரைப்படப் பாத்திரத்தைப் பற்றிச் சிறிது பேச வேண்டும்.

வாசகர் யாவரும் அப்பாத்திரத்தை அறிவர். கலைந்த தலைமயிர், வெண்ணிற மேலங்கி, வண்ண நீர் குமிழியிடும் கண்ணாடிக் குடுவைகள், காரணமின்றி அணைந்து எரியும் சிவப்பு, பச்சை விளக்குகள், சுவரிலே ஒரு பெரிய நெம்புகோல். வெளியே இடி முழங்கும். உள்ளே அவர் சிரிப்பார். இவ்வகைப் படங்களைக் கற்றோர் பொருட்படுத்துவதில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற முறையில் நானும் மாணவர் முன்னிலையில் அவற்றைப் பார்த்து நகைத்ததுண்டு. ஆயினும் அவற்றுள் ஒன்று மட்டும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. எம்.ஜி. இராமச்சந்திரன் தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்து, 1973 மே 11ஆம் திகதி வெளிவந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' என்பதே அது.

மின்னலிற் பிறந்தவன்

திரையிலே தோன்றும் விசர் விஞ்ஞானியின் பிறப்பை அறிய விரும்புவோர் 1816ஆம் ஆண்டுக் கோடைக்குச் செல்ல வேண்டும். அதற்கு முந்திய ஆண்டிலே இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய துகள் வானிற் பரவியதால் ஐரோப்பாவிலே கோடையே வராதது போலாயிற்று. ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் மழையினால் அடைபட்டுக் கிடந்த நண்பர் சிலர், பொழுது போக்குவதற்காக ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவு செய்தனர். அவர்களுள் 18 வயது நங்கையாகிய மேரி தொடங்கிய கதையே 1818இல் 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் நாவலாக வெளிவந்தது.

அக்காலத்து விஞ்ஞானச் செய்திகள் அக்கதைக்கு உரமாயின. இத்தாலிய அறிஞர் கல்வானி, இறந்த தவளையின் கால்கள் மின்சாரம் பட்டதும் துடிப்பதை 1780களிற் கண்டார். அவருடைய மருமகன் அல்தினி, 1803இல் இலண்டனிலே தூக்கிலிடப்பட்ட குற்றவாளி ஒருவனின் உடலில் மின்சாரத்தைப் பாய்ச்சிக் காட்டினார். பிணத்தின் தாடை அசைந்தது. ஒரு கண் திறந்தது. பார்த்தவர் நடுங்கினர். உயிர் என்பது மின்சாரந்தானோ என்ற ஐயம் நாடெங்கும் பரவியது.

மேரி ஷெல்லியின் நாவலிலே பிராங்கன்ஸ்டைன் தன் படைப்புக்கு எவ்வாறு உயிரூட்டினான் என்பது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. அவ்வழியை எவருக்கும் கூறேன் என்று அவன் மறுத்துவிடுகிறான். வானத்து மின்னலை ஆய்வுகூடத்துக்குள் இறக்கியவர்கள் பின்வந்த திரைப்படக்காரர்களே. 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய படத்திலே, பிணத்தைக் கிடத்திய மேசை கூரையை நோக்கி உயர்கிறது, புயலின் மின்னல் அதிற் பாய்கிறது, விரல் அசைகிறது. அதற்கு 4 ஆண்டுகள் முன்னதாகவே ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' படத்திலே, ஆராய்ச்சியில் ஒரு கையை இழந்தும் அதற்காக வருந்தாத ரொட்வாங் என்னும் விஞ்ஞானி உலோகப் பெண்ணொருத்தியைப் படைத்திருந்தான். இவ்விருவரையும் பார்த்தே பிற்காலத்து விசர் விஞ்ஞானிகள் பலரும் வார்க்கப்பட்டனர்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. இவர்களின் பித்து இவர்களுடைய அறிவிலிருந்தே விளைவது. கடவுளின் எல்லைக்குள் கால் வைத்தேன் என்ற செருக்கே இவர்களின் மதியைக் கெடுக்கிறது. இவர்களுக்குப் பணத்தாசை இல்லை. உலகமே எரிந்தாலும் தம் ஆராய்ச்சி முற்றுப்பெற வேண்டும் என்பதொன்றே இவர்களின் வேட்கை.

மந்திரவாதி அணிந்த புதிய சட்டை

எம்மவர்க்கும் இத்தகையோர் புதியவர் அல்லர். எவன் தலையில் கை வைத்தாலும் அவன் சாம்பலாக வேண்டும் என்று வரம் பெற்று, வரம் தந்தவன் தலையிலேயே கை வைக்கப் புறப்பட்ட பஸ்மாசுரனின் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தமிழ்த் திரையும் முதலில் மந்திரவாதியையே நம்பியிருந்தது. 1951இல் வந்த 'பாதாள பைரவி'யில் எஸ்.வி. ரங்காராவ் ஏற்ற மந்திரவாதி வேடத்தை முதியோர் இன்றும் மறந்திலர். விஞ்ஞான யுகம் பிறந்ததும் மந்திரவாதி தாடியை மழித்து வெள்ளை மேலங்கி அணிந்துகொண்டான். 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'யில், விஞ்ஞானத்தில் முன்னேறியும் கலையில் வறுமையுற்ற வேற்றுக் கிரகத்தார், பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்லப் பறக்கும் கலத்தில் வந்திறங்கினர். அக்கலத்தைப் பார்த்துச் சிரிப்போர், விஞ்ஞானம் மட்டும் போதாது என்று 1963இலேயே ஒரு வணிகத் திரைப்படம் எடுத்துரைத்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அதற்குப் பத்தாண்டுகளின் பின் வந்தது 'உலகம் சுற்றும் வாலிபன்'. கதையின் சுருக்கம் இதுவே. முருகன் என்னும் விஞ்ஞானி மின்னலின் ஆற்றலைப் பிடித்துச் சேமிக்கும் வழியைக் கண்டறிகிறான். ஆயினும் அது போர்வெறியர் கையிற் சிக்கினால் உலகம் அழியும் என்றஞ்சி அதனை வெளியிட மறுக்கிறான். தன் குறிப்புகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து வெவ்வேறு நாடுகளில் மறைத்து வைக்கிறான். பைரவன் என்னும் மற்றொரு விஞ்ஞானி அதற்கு விலை பேசுகிறான். முருகன் இணங்காதபோது, விசித்திரமான துப்பாக்கி ஒன்றினாற் சுட்டு, அவன் உயிரைப் பறிக்காது மதியை மட்டும் குலைத்துவிடுகிறான். துப்பறியும் அதிகாரியான தம்பி ராஜு, தமையனையும் குறிப்புகளையும் தேடி நாடு நாடாக அலைகிறான். முருகனும் ராஜுவும் எம்.ஜி.ஆரே, பைரவன் எஸ்.ஏ. அசோகன்.

படப்பிடிப்பு 1970இல் ஜப்பான், ஹொங்கொங், தாய்லாந்து, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் நடைபெற்றது. அவ்வாண்டு மார்ச் முதல் செப்டெம்பர் வரை ஜப்பானின் ஒசாக்கா நகரில் உலகப் பொருட்காட்சி நிகழ்ந்தது. 77 நாடுகள் பங்கு கொண்ட அக்காட்சியை 6 கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர். சந்திரனிலிருந்து கொண்டுவரப்பட்ட கல்லொன்று அமெரிக்க மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதைக் காண மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் 1917இற் பிறந்த ஒருவர், விஞ்ஞானத்தின் அத்திருவிழாவுக்குள்ளேயே தமது படக்கருவியுடன் நுழைந்து, விஞ்ஞானத்துக்கு அஞ்சும் விஞ்ஞானி ஒருவனின் கதையைப் படமாக்கினார். இம்முரண்பாட்டை அவர் எண்ணிச் செய்தாரோ, எண்ணாது செய்தாரோ, படத்துக்கு அது ஓர் அழுத்தத்தைத் தந்துவிட்டது.

கொட்டகையிலிருந்து வீடு வரை

1972 முதல் இலங்கையிலே படங்களை இறக்குமதி செய்து பகிர்ந்தளிக்கும் பொறுப்பு அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்திடம் இருந்தது. தமிழகத்திலே ஓடி ஓய்ந்த படம் எம் கரையை அடையக் காலம் எடுக்கும். அதற்குள் அதன் பாட்டுகள் வானொலியிற் பழகிப் போய்விடும். வெலிங்டன், வின்சர், ராஜா, ராணி, மனோகரா, றீகல் என்று யாழ்ப்பாண நகரிலே படமாளிகைகள் நிறைந்திருந்த காலம் அது. சைக்கிளின் முன்சட்டத்தில் என்னை இருத்தி, வலிகாமத்து ஊரொன்றிலிருந்து நகருக்கு மிதித்துச் சென்றவர் என் தமையனார். அவர் எனக்கு ஏழு வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணை' என்பேன்.

அண்ணை பௌதிகத்திலும் கணிதத்திலும் வல்லவர். 1971ஆம் ஆண்டளவிலே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் முறை புகுந்தது. அதனால் இடம் கிட்டாது போன எம்மூர் மாணவர் பலருள் அவரும் ஒருவர். அதைப் பற்றி அவர் வீட்டிலே ஒரு வார்த்தையும் பேசியதை நான் கேட்டிலேன். சந்தியில் ஒரு சிறு கடையின் முன்விறாந்தையை வாடகைக்கு எடுத்து றேடியோ திருத்தத் தொடங்கினார். வீட்டுக்குப் பின்னாலிருந்த பனங்கூடலில், உயர்ந்த பனையொன்றின் உச்சியிலிருந்து கம்பியை இறக்கி, பற்றரியே இல்லாமற் பேசும் பளிங்கு வானொலி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். நள்ளிரவில் பனையடியிலிருந்து காதிலே ஏதோ பொருத்திக்கொண்டு தலையாட்டும் இளைஞனை ஊரார் வேறென்ன பெயர் சொல்லி அழைப்பர்? 'விசர் விஞ்ஞானி' என்ற பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டது.

படம் தொடங்கியதும் கொட்டகை அதிர்ந்தது. விசில் ஒலியில் முதற் காட்சியின் பேச்சு ஒன்றுமே கேட்கவில்லை. இன்று நிதானமாகப் பார்க்கும்போது குறைகள் பல தெரிகின்றன. விஞ்ஞானம் பெயரளவிலேயே இருக்கிறது. துப்பறியும் வேலைக்கு நடுவே காதலுக்கும் பாட்டுக்கும் தாராளமாக நேரம் கிடைக்கிறது. அசோகன் பற்களுக்கிடையே சொற்களை நெரித்து நெரித்து உமிழ்கிறார். ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே கால் வைத்திராத சிறுவனுக்கு ஒசாக்காவின் மண்டபங்கள் கண்முன் விரிந்தபோது, உலகம் என்பது புவியியற் புத்தகத்துப் படமன்று, உண்மையிலேயே உள்ளது என்ற நம்பிக்கை பிறந்தது. 'ஆராய்ச்சி', 'அணு', 'ஆற்றல்' என்ற சொற்களை வகுப்பறைக்கு வெளியே, ஆயிரம் பேர் மூச்சடக்கிக் கேட்கும் இடத்திலே, தமிழிற் கேட்டதும் அன்றுதான்.

திரும்பும் வழியில் நான் சண்டைக் காட்சிகளைப் பற்றியே ஓயாது பேசினேன். அண்ணை மறுமொழி கூறவில்லை. ஊர் எல்லை வந்ததும் சைக்கிளை மெதுவாக்கிச் சொன்னார்: "தம்பி, இங்கிலீசுப் படத்திலை விஞ்ஞானிக்குத் தானாய் விசர் பிடிக்கும். இதிலை நல்லவனை மற்றவன் விசராக்கிறான். கவனிச்சனியோ? விலை பேசினவன் நல்ல தெளிவாய்த்தான் இருக்கிறான்."

நான் கவனிக்கவில்லை. அச்சொற்களின் பொருள் எனக்கு விளங்க இருபது ஆண்டுகள் சென்றன.

ஒரு மின்னலின் கணக்கு

அண்ணையின் சொல்லுக்குப் போகுமுன், ஆசிரியன் என்ற முறையில் ஒரு கணக்கைத் தீர்த்துவிட விரும்புகிறேன். மின்னலைப் பிடிப்பது இயலுமா?

மின்னலைக் கொண்டு பரிசோதனை செய்த வரலாறு நெடியது. 1752இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்டு முகிலின் மின்சாரத்தை ஆராய்ந்த செய்தியை மாணவர் அறிவர். அடுத்த ஆண்டிலே, ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் ரிக்மன் என்னும் அறிஞர் அத்தகைய ஆராய்ச்சி ஒன்றின்போது மின்னல் தாக்கி மாண்டார் என்பதைப் பலர் அறியார். ஒரு மின்னலில் ஏறத்தாழ 30,000 அம்பியர் மின்னோட்டம் பாயும். அது செல்லும் வழியிலுள்ள காற்றின் வெப்பநிலை சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலையைப் போல் ஐந்து மடங்காகும். உலகம் முழுவதிலும் ஒவ்வொரு செக்கனும் சுமார் 44 மின்னல்கள் வெட்டுகின்றன எனச் செய்மதிகள் கணித்துள்ளன.

இவ்வளவையும் கேட்டதும் மாணவர் கண்கள் அகலும். அப்போது நான் கரும்பலகையில் கணக்கை எழுதுவேன். ஒரு மின்னலின் மொத்த ஆற்றல் சராசரியாக 100 கோடி யூல் எனக் கொள்வோம். ஓர் அலகு மின்சாரம் 36 இலட்சம் யூல். ஆகவே ஒரு மின்னலில் உள்ளது ஏறத்தாழ 280 அலகு. ஒரு சிறு குடும்பத்தின் இரண்டு மூன்று மாத மின்கட்டணம், அவ்வளவே! அதிலும் பெரும்பகுதி ஒளியாயும் ஒலியாயும் வெப்பமாயும் வானிலேயே கரைந்துவிடும். எஞ்சியதும் ஒரு செக்கனுக்குள் பாய்ந்து முடிந்துவிடும்; அத்தனை விரைவில் அதைத் தாங்கிச் சேமிக்கும் கலன் நம்மிடம் இல்லை. எங்கே, எப்போது விழும் என்பதும் தெரியாது. எம் பனங்கூடல்களிலே மொட்டையாய் நிற்கும் பனைகளே மின்னலைப் பிடித்தவை. வட்டுக் கருகி, கரிய தூணாய் நிற்கும் அவற்றைக் கண்டோர் மின்னலோடு விளையாட எண்ணார்.

ஆகவே முருகனின் கண்டுபிடிப்பு கற்பனையே. ஆனால் அவனது இக்கட்டு கற்பனையன்று. அறிந்ததைச் சொல்வதா, மறைப்பதா என்ற அந்த இக்கட்டிலே உண்மையான விஞ்ஞானிகள் அகப்பட்டுத் தவித்திருக்கின்றனர்.

மறைத்தவர்களும் மறைந்து வாழ்ந்தவர்களும்

ஹங்கேரியிற் பிறந்த லியோ சிலார்ட், 1933இல் இலண்டனில் வாழ்ந்தபோது அணுவின் தொடர்வினையைக் கற்பனையிற் கண்டார். அது குண்டாகக்கூடும் என்பதை உடனே உணர்ந்து, அதற்கான காப்புரிமையைப் பிறர் பார்வைக்குக் கிட்டாதபடி 1936இல் பிரித்தானியக் கடற்படைத் துறைக்கு ஒப்படைத்தார். பிற விஞ்ஞானிகளையும் முடிவுகளை வெளியிட வேண்டாமென்று வேண்டினார். ஆயினும் அறிவைப் பெட்டியிற் பூட்டி வைக்க இயலவில்லை. ஹிட்லர் முந்திக்கொள்வான் என்ற அச்சத்தினால் அவரே பின்னர் அமெரிக்காவை அணுகுண்டு முயற்சிக்குத் தூண்ட நேர்ந்தது. 1945 ஜூலையில், அக்குண்டை மக்கள்மீது வீசுவதைத் தடுக்க அவர் திரட்டிய கையொப்பங்கள் பயனளிக்கவில்லை. ஆகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமா எரிந்தது. அக்குண்டை வீச ஆணையிட்டவர் எவரும் கலைந்த தலைமயிருடன் சிரிக்கவில்லை. நன்கு உடையணிந்து, மேசையைச் சுற்றியிருந்து, கணக்குப் பார்த்து முடிவு செய்தனர்.

இதே வினாவை 1962இல் சுவிற்சர்லாந்தின் நாடகாசிரியர் பிரீட்ரிக் டியூறன்மாற், 'பௌதிகவியலாளர்' என்னும் நாடகத்திலே எழுப்பினார். மோபியுஸ் என்னும் விஞ்ஞானி தன் கண்டுபிடிப்பு உலகை அழித்துவிடுமென்று அஞ்சி, பித்தனைப்போல நடித்து மனநோய் விடுதியில் வாழ்கிறான். அங்கே தம்மை நியூற்றன் என்றும் ஐன்ஸ்ரைன் என்றும் சொல்லித் திரியும் வேறிருவரும் உண்மையில் அவனைக் கவர வந்த இரு நாட்டு ஒற்றர்கள். மோபியுஸ் தன் குறிப்புகளைத் தீயிலிடுகிறான். ஆனால் விடுதியின் தலைவி அவற்றை முன்னரே படியெடுத்து, வேண்டிய தொழிற்சாலைகளையும் நிறுவிவிட்டாள். முடிவில், பித்தராக நடித்த மூவரும் விடுதிக்குள்ளேயே கிடக்க, உண்மையான பித்துடையவள் உலகை ஆளப் புறப்படுகிறாள்.

இவற்றோடு வைத்துப் பார்க்கும்போது 'உலகம் சுற்றும் வாலிப'னின் பெருமை புலனாகும். இக்கதையிலே அழிவைக் கொண்டுவருவது செருக்குற்ற அறிவன்று. விலை பேசும் அறிவு. பைரவன் கடவுளோடு போட்டியிடவில்லை. அவன் ஒரு வியாபாரி. வாங்குவோன் யாரென்பது மட்டுமே அவன் கவலை. 2010இல் வந்த 'எந்திரன்' படத்திலும் போரா என்னும் பேராசிரியர் இயந்திர மனிதரைக் கொலைத் தொழிலோருக்கு விற்கவே முயல்கிறார். மேலைத் திரை விஞ்ஞானியின் பித்தைக் கண்டு அஞ்சியது. தமிழ்த் திரை அவனுடைய பேரத்தைக் கண்டு அஞ்சியது. எது கூடிய உண்மையென்பதை 20ஆம் நூற்றாண்டின் வரலாறு அறிந்தோர் தாமே தீர்மானிக்கலாம்.

போத்தலுக்குள் மின்னல்

1990இல் மீண்டும் போர் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி வருவதும் தடையாயிற்று. மண்ணெண்ணெய் துளித்துளியாக அளந்து விற்கப்பட்டது. அப்போதுதான் விசர் விஞ்ஞானிகளின் காலம் பிறந்தது. வெற்று ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்து, சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி, திரியை நிறுத்தி எரிக்கும் விளக்கை யாரோ ஒருவர் கண்டுபிடித்தார். அது வீடுதோறும் எரிந்தது. அவ்வொளியிற் படித்தே என் மாணவர் பரீட்சை எழுதினர். சைக்கிள் டைனமோவை றேடியோவோடு இணைத்து, ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்டனர். எங்கள் ஊரில் அதை முதலிற் செய்தவர் அண்ணை. மாலையானால் எங்கள் முற்றத்தில் ஊரே கூடும். இளைஞர் முறைவைத்து மிதிப்பர். கால் தளர்ந்தால் குரலும் தளரும். "மிதியடா, மிதியடா" என்று முதியோர் அதட்டுவர். அப்படித்தான் பி.பி.சி. தமிழோசையை நாம் கேட்டோம்.

ஒரு நாள் மாலை இருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தனர். அவர்கள் யார், யாருக்காக வந்தனர் என்பதை எழுதும் நோக்கம் எனக்கில்லை. மிக மரியாதையாகவே பேசினர். அண்ணையின் கைத்திறனைக் கேள்விப்பட்டதாகவும், தமக்கு அவர் ஒரு பொறியை அமைத்துத் தர வேண்டுமென்றும், வேண்டிய பொருள்களையும் வீட்டுக்கு வேண்டிய எண்ணெயையும் தாமே தருவதாகவும் கூறினர். அது என்ன பொறி என்பது விறாந்தையிலிருந்த எனக்கே விளங்கிற்று. அவருக்கு விளங்காதிருக்குமா?

அண்ணை எழுந்து உள்ளே சென்றார். ஒரு வெற்று ஜாம் போத்தலை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். "இதுக்குள்ளை மின்னல் அடைச்சு வைச்சிருக்கிறன். மூடியைத் திறக்கப்படாது, பறந்திடும். பனை எனக்குச் சொல்லித் தந்தது. பனையோடை நான் கதைக்கிறனான்" என்றார். பின்னர் சிரித்தார். அச்சிரிப்பை நான் எங்கோ கேட்டிருந்தேன். வெள்ளித்திரையிலே மதி குலைந்த முருகனின் சிரிப்பு அது.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மூத்தவர் என்னிடம், "எவ்வளவு காலமாய் இப்பிடி?" என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். "பாவம், விசர்" என்று சொல்லிக்கொண்டு அவர்கள் போய்விட்டனர். குசினி வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்தி அழுதார். அது நடிப்பென்று அவருக்கு நாங்கள் அன்றிரவே கூறினோம். அவர் முழுமையாக நம்பினாரென்று சொல்ல மாட்டேன்.

படத்திலே நடிப்பு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அண்ணையின் நடிப்புக்கு முடிவு இருக்கவில்லை. வந்தவர்கள் மீண்டும் வரக்கூடும். வேறு சிலரும் வரக்கூடும். ஆகவே படலைக்கு வெளியே அவர் என்றும் விசரராகவே திரிந்தார். சட்டைப் பொத்தான்களை மாறிப் பூட்டினார். சந்தியில் நின்று தனக்குத் தானே பேசினார். அவருக்காகப் பேசிவந்த சம்பந்தம் நின்றுபோயிற்று. அவர் கடையில் ஆள்கள் றேடியோக் கொடுப்பதை விட்டனர். இரவிலே, கதவைச் சாத்திக்கொண்டு, அயலவரின் உடைந்த விளக்குகளையும் றேடியோக்களையும் என் பெயரால் வாங்கித் திருத்திக் கொடுத்தார். ஊரார் என்னை நல்ல கைகாரன் என்று புகழ்ந்தனர். அப்புகழை நான் மறுக்கவும் முடியவில்லை.

போர் 2009இல் முடிந்தபின் ஒருநாள், "இனி இதை விட்டிடலாமே, அண்ணை" என்றேன். அவர் நெடுநேரம் பனங்கூடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "எது வேஷம், எது நான் எண்டு எனக்கே இப்ப பிடிபடுதில்லைத் தம்பி" என்றார். அதற்கு நான் மறுமொழி கூறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். அந்தியேட்டிக்குப் பின் அவரது தகரப் பெட்டியைத் திறந்தேன். அப்பியாசக் கொப்பிகள் பதினொன்று இருந்தன. டைனமோவை இணைக்கும் முறை, குறைந்த எண்ணெயில் கூடிய ஒளி தரும் திரியின் அளவு, பழைய றேடியோக்களின் சுற்றுப் படங்கள் ஆகியனவே அவற்றில் இருந்தன. மறைக்க வேண்டிய எதுவும் அவற்றில் இல்லை. அவர் மறைக்க வேண்டியிருந்தது தம் கைகளை மட்டுமே.

அண்மையில் 'உலகம் சுற்றும் வாலிபன்' தொலைக்காட்சியில் ஓடியது. என் பேரப்பிள்ளைகள் அசோகனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தனர். சிரிக்கத்தக்க படந்தான், நானும் சிரித்தேன். பைரவன் விலை பேசும் கட்டம் வந்தபோது மட்டும், "கொஞ்சம் சத்தம் போடாமல் இதைப் பாருங்கோ" என்றேன். ஏன் என்று அவர்கள் கேட்டனர். அதற்கு நான் சொன்ன விடையே இக்கட்டுரை.